எட்டா இடத்திற்கு ஒரு கை

நுழையும்முன்

எந்திர மனிதன் என்றதும் திரைப்படங்களில் வரும் பேருருவங்களே நம் நினைவுக்கு வருகின்றன. முழங்கால் உயரமே உடையவையும், தொலைவிலிருந்து ஒருவர் இயக்கினாலன்றி விரலையும் அசைக்காதவையுமான சிறிய எந்திரப் பாவைகளை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. மனிதர் இறங்கக் கூடாத இடத்திற்கும், மனிதர் செல்ல இயலாத இடத்திற்கும் அவர்தம் கண்ணையும் கையையும் மட்டும் அனுப்பிவைக்க இப்பாவைகள் உதவுமா? தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்று இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

ஒரகடத்துப் பாவைகள்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்தால் இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூர் வருகிறது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் தொடர்கின்றன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இந்நிலப்பகுதியின் தோற்றம் ஒரு தலைமுறைக் காலத்தில் மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் 1998இல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இலும், டைம்லரின் சரக்குந்து ஆலை 2012இலும் திறக்கப்பெற்றன.

இத்தகைய ஆலைகளில் காரின் கூட்டைப் பற்றவைத்து இணைக்கும் பணியைப் பெரும்பாலும் ரோபோக்களே செய்கின்றன. ஆனால் அவற்றைக் காண்பவர் எவரும் மனிதர் என்று மயங்கமாட்டார். தலையில்லை, முகமில்லை, காலில்லை. தரையில் பதித்த ஒற்றைக் கை மட்டுமே உண்டு. ஆறு மூட்டுகள் கொண்ட அக்கை, கம்பிவேலிக்குள் நின்றபடி ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை பிழையின்றிச் செய்கிறது. அந்த வேலைக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

மனித உருவம் கொண்ட எந்திரங்களைக் காண வேண்டுமானால் ஒரகடத்தில் வேறோர் இடத்திற்குச் செல்ல வேண்டும். அங்குள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் மோதல் சோதனைக்கூடம் ஒன்று இருக்கிறது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிட்டு விண்மீன் குறியீடு வழங்கும் 'பாரத் என்கேப்' திட்டம் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் முன்மோதல் சோதனையில் கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நசுங்கும் தன்மையுள்ள தடுப்பின்மீது மோதவிடப்படுகிறது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பாவை அமர்ந்திருக்கும். அதன் அருகில் மற்றொன்று. பின்னிருக்கையில் இரண்டு சிறிய பாவைகள் இருக்கும்: ஒன்று 18 மாதக் குழந்தையின் அளவுடையது; மற்றொன்று மூன்று வயதுக் குழந்தையின் அளவுடையது. தலை, கழுத்து, மார்பு ஆகிய இடங்களில் பொருத்தப்பட்ட உணரிகள் அந்த நொடியில் உடல் பட்ட பாட்டை எண்களாக எழுதித் தருகின்றன. சோதனையை நடத்துவோர் எட்ட நிற்கிறார்கள். அடியைத் தாங்குவது பாவை.

இவ்வகைப் பாவைகளின் வரலாறு 1949இல் தொடங்குகிறது. அமெரிக்க விமானப்படையின் வெளியேற்று இருக்கைகளைச் சோதிப்பதற்காக அவ்வாண்டில் 'சியரா சாம்' என்னும் பாவை உருவாக்கப்பட்டது. பின்னாளில் கார்களுக்காக வந்த பாவைகள் நெடுங்காலம் சராசரி ஆணின் உடலையே அளவாகக் கொண்டிருந்தன. பெண் பாவை என்று பயன்பட்டதும் ஆண் பாவையைச் சுருக்கிச் செய்ததுதான். சராசரிப் பெண்ணின் உடலமைப்பை ஒத்த பாவையைச் சுவீடனின் ஆய்வாளர் அஸ்ட்ரிட் லிண்டரின் குழுவினர் அறிமுகம் செய்தது 2022இல்தான். மனித உருவம் என்று நாம் சொல்லும்போது எந்த மனிதரின் உருவம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

கயிற்றிலிருந்து அலைக்கு

எந்திரப் பாவை தமிழருக்குப் புதிய கற்பனை அன்று. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க அனுப்பப்பட்ட எந்திர யானையின் வயிற்றுக்குள் வீரர்கள் மறைந்திருந்தனர். சீவக சிந்தாமணியின் மயிற்பொறி, வலப்பக்கம் திருகினால் மேலெழும். இடப்பக்கம் திருகினால் கீழிறங்கும். நாணுடைமை அதிகாரத்தில் திருவள்ளுவர், கயிற்றால் இயங்கி உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவையை உவமையாக்குகிறார். இம்மூன்றிலும் பொறி தானாக இயங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே ஒருவர் இருக்கிறார், அல்லது திருகும் கை இருக்கிறது, அல்லது கயிற்றின் மறுமுனை ஒருவர் விரலில் இருக்கிறது.

'ரோபோ' என்ற சொல்லின் பிறப்பு வேறு வகையானது. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தின் வழியே அச்சொல் உலகிற்கு வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே அதன் வேர். எனவே ரோபோ என்றால் கொத்தடிமை. பாவை என்றால் ஆட்டுவிப்பவரின் நீட்சி. தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறிய மனித உருவ ரோபோவைப் புரிந்துகொள்ள இரண்டாவது சொல்லே நமக்கு மிகுதியாக உதவும்.

கயிறு அறுந்து அலை வந்தது 1898இல். அவ்வாண்டு நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகை வானொலி அலையால் இயக்கிக் காட்டினார். இன்று அலை கண்ணையும் கொண்டுவருகிறது. பாவையின் தலையிலுள்ள ஒளிப்படக் கருவி காண்பதை இயக்குபவர் திரையில் காண்கிறார். அவர் கையை உயர்த்தினால், கையுறையிலுள்ள உணரிகள் அந்த அசைவை அளந்து அனுப்ப, பாவையின் மூட்டுகளிலுள்ள சிறு மோட்டார்கள் அதே கோணத்திற்குத் திரும்புகின்றன.

சிறிதாக இருப்பதன் கணக்கு

ரோபோவை மனித உருவில் செய்வோர் வழக்கமாகக் கூறும் காரணம் ஒன்று உண்டு. படிக்கட்டு, கதவு, கைப்பிடி, ஏணி, திருப்புளி அனைத்தும் மனித உடலுக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே மனித உடலைப் போன்ற எந்திரம் எங்கும் பொருந்தும் என்பர். ஹூண்டாய் குழுமம் 2021இல் தன்வசமாக்கிய பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் 'அட்லஸ்' போன்ற முழு உயர ரோபோக்களுக்கு இக்கூற்று ஓரளவு பொருந்தும். சிறிய ரோபோக்களுக்குப் பொருந்தாது. 60 சென்டிமீட்டர் உயரமுள்ள பாவைக்கு நம் படிக்கட்டின் ஒவ்வொரு படியும் தொடையளவு மதில். கதவின் கைப்பிடி எட்டாத உயரம்.

அப்படியானால் சிறிதாகச் செய்வானேன்? இயற்பியல் ஒரு விடை தருகிறது. 180 சென்டிமீட்டர் உயரமுள்ள உருவத்தை அதே பொருளால், அதே வடிவில் 60 சென்டிமீட்டராகக் குறைப்பதாகக் கொள்வோம். உயரம் மூன்றில் ஒரு பங்காகும். எலும்பைப் போல் தாங்கும் பகுதிகளின் குறுக்குப் பரப்பு ஒன்பதில் ஒரு பங்காகும். எடையோ 27இல் ஒரு பங்காகிவிடும். வலிமை குறைந்ததைவிட எடை மிகுதியாகக் குறைந்துவிட்டது. கீழே விழும்போது தரையைத் தாக்கும் ஆற்றல், எடையையும் விழும் உயரத்தையும் பொறுத்தது. ஆதலால் அது 81இல் ஒரு பங்காகக் குறைகிறது. ஆளுயர ரோபோ தடுக்கி விழுந்தால் பழுதாகக் கூடும். அருகில் நிற்பவருக்கும் இடர். சிறியது விழுந்தால் எழுந்து நிற்கும். பிரான்சில் உருவான 'நாவோ' என்னும் ரோபோ 58 சென்டிமீட்டர் உயரமும் ஐந்தரைக் கிலோகிராம் அளவு எடையும் உடையது. 25 இடங்களில் அசையக் கூடியது. ரோபோக்களுக்கான கால்பந்துப் போட்டியில் பலமுறை விழுந்து எழும் அதனைப் பள்ளிகளும் ஆய்வகங்களும் அச்சமின்றிப் பயன்படுத்துகின்றன.

உருவத்திற்கான விடை வேறு. இரு தோள், இரு முழங்கை, இரு கை என்னும் அமைப்பு பாவை செல்லும் இடத்திற்காக அன்று, அதனை இயக்குபவருக்காகத் தேவைப்படுகிறது. எட்டு கால்களையுடைய எந்திரத்தை இயக்க ஒருவர் பலநாள் பயில வேண்டும். தம் உடலைப் போலவே அமைந்த பாவையை இயக்க அவர் தம் கையை அசைத்தால் போதும். முப்பது ஆண்டு பற்றவைப்பு செய்து பழகிய ஒருவரின் கைத்திறனை விசைப்பலகையால் வாங்க முடியாது. இன்னொரு கையால்தான் வாங்க முடியும்.

நழுவிய கை

தமிழ்நாட்டில் இவ்வினா வெறும் ஆய்வகச் செய்தியாக நின்றுவிடவில்லை. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் தவறி விழுந்த துயரங்களை நாம் அறிவோம். வளர்ந்தவர் ஒருவரின் தோள் நுழையாத துளைக்குள் கை ஒன்று செல்ல வேண்டும். மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் என்பவர் இதற்கெனக் கயிற்றில் தொங்கி இறங்கும் ஒரு கருவியை உருவாக்கினார். மேலிருந்து இயக்கப்படும் பிடிகரங்களையும் ஒளிப்படக் கருவியையும் கொண்ட அதனால் 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் மூன்று வயதுச் சிறுவன் உயிருடன் மீட்கப்பட்டான்.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் அவ்வாறு நிகழவில்லை. முதலில் 26 அடி அளவிலான ஆழத்தில் சிக்கியிருந்த இரண்டு வயதுக் குழந்தையின் கையில் கயிற்றுச் சுருக்கிட்டு மேலே இழுக்க முயன்றனர். பிடி நழுவியது. குழந்தை 80 அடிக்கும் கீழே சரிந்தது. அருகில் மற்றொரு குழி தோண்டும் பணியைப் பாறை தாமதப்படுத்தியது. நான்கு நாள் முயற்சிக்குப் பின் குழந்தையின் உடல்தான் கிடைத்தது.

அந்த நழுவலில்தான் பொறியியல் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஈரமான ஒரு சிறு கையை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும்? குறைத்துப் பிடித்தால் நழுவும். மிகுத்துப் பிடித்தால் எலும்பு முறியும். நம் விரல்கள் இதனை நினையாமலே செய்கின்றன. தோலிலுள்ள நரம்புகள் நழுவலின் தொடக்கத்தை உணர்ந்ததும் பிடி தானாக இறுகுகிறது. திரையைப் பார்த்துப் பாவையை இயக்குபவருக்குக் கண் உண்டு, தொடு உணர்வு இல்லை. பாவையின் விரல்நுனி உணரும் அழுத்தத்தை இயக்குபவரின் கையுறைக்குத் திருப்பி அனுப்பும் முயற்சிகள் நடந்துவருகின்றன. ஆயினும் 27 எலும்புகள் கொண்ட மனிதக் கையை அதன் உணர்வோடு சேர்த்துச் சில விரற்கடை அகலத்துள் அடக்குவது இன்னும் கைகூடவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லாமல் செல்வது முறையன்று. பயன்படாத ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே நெறிமுறை வகுத்தது. மூடி இருந்தால் ரோபோ தேவையே இல்லை.

சிறிய உருவம் வென்ற இடமும் உண்டு. சப்பானின் புக்குசிமா அணுவுலையில் 2011இல் உருகிய எரிபொருள் எங்கே படிந்துள்ளது என்பதை அறிய, 13 சென்டிமீட்டர் விட்டமுடைய நீந்தும் ரோபோவை மூன்றாம் உலைக்குள் 2017 சூலையில் அனுப்பினர். உருகி உறைந்த பொருளின் படங்களை முதன்முதலில் அங்கிருந்து அனுப்பியது அதுவே. ஆனால் அது மனித உருவினதன்று. நீரில் செல்வதற்குக் கைகால் சுமையே.

இருப்பதே வேலையாகும்போது

மனித உருவம் முழுப் பொருளோடு அமைவது வேறு வகையான பணியில் என்று கருதலாம். சப்பானின் கென்டாரோ யோசிபுஜி இளமையில் நோயின் காரணமாக மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிக்குச் செல்ல இயலாதிருந்தவர். வகுப்பில் தமக்கென ஓர் உடல் இருந்திருந்தால் என்ற ஏக்கமே பின்னாளில் 'ஓரிஹிமே' என்னும் பாவையாயிற்று. அது 23 சென்டிமீட்டர் அளவு உயரம் உடையது. கால் இல்லை, நடக்காது. தலையைத் திருப்பும், தலையசைக்கும், கையை உயர்த்தும், தொலைவில் இருப்பவரின் குரலில் பேசும். அவ்வளவே. 2021இல் தோக்கியோவில் திறக்கப்பட்ட சிற்றுண்டிச்சாலை ஒன்றில் மேசைதோறும் இப்பாவைகள் விருந்தினரை வரவேற்று உரையாடுகின்றன. அவற்றை இயக்குவோர் தசை செயலிழக்கும் நோயாலோ முதுகுத்தண்டுப் பாதிப்பாலோ வீட்டைவிட்டு வெளிவர இயலாதவர்கள். விரலையும் அசைக்க இயலாத சிலர் கண்ணசைவால் எழுத்தைத் தேர்ந்து பாவையை இயக்குகின்றனர். அப்பணிக்கு ஊதியம் பெறுகின்றனர்.

திரையில் முகத்தைக் காட்டும் காணொளி அழைப்பு போதாதா என்று கேட்கலாம். கூட்டத்தில் ஒரு திரை இருந்தால் அதனைச் சிறிது நேரத்தில் மறந்துவிடுகிறோம். மேசைமேல் ஓர் உருவம் தலையைத் திருப்பி நம்மைப் பார்த்தால் அதற்கு முதுகைக் காட்டிப் பேச மனம் வருவதில்லை.

திருப்பெரும்புதூரைக் கடந்து செல்லும் அதே நெடுஞ்சாலை வேலூரை அடைகிறது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்தார். அவர் மருத்துவத்தை விட்டுவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். காலை இழந்த ஒருவரின் கைத்திறனுக்கு இடம் கொடுக்க அந்த மருத்துவமனை தன் அறுவை மேசையின் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டது. தொழிற்சாலை விபத்தில் நடமாட்டம் இழந்த ஒரு தொழிலாளி, தாம் பணியாற்றிய கூடத்தின் மேசையொன்றில் சிறு பாவையாய் அமர்ந்து புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்க முடியாதா? அதற்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் இன்றே உள்ளன. 21 வகைக் குறைபாடுகளை ஏற்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. இல்லாதது, அந்த மேசையை ஒதுக்கித் தரும் முடிவு.

கயிறு யார் கையில்?

ரோபோ வந்தால் வேலை போகும் என்ற அச்சம் இத்தொழிற்பகுதியில் புதிதன்று. தொலைவிலிருந்து இயக்கும் பாவை வேலையை நீக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதிலும் இடர் உண்டு. தோக்கியோவின் சில கடைகளில் பானப் புட்டிகளை அடுக்கும் ரோபோக்கள் தடுமாறும்போது, அவற்றைக் கையிலெடுத்து இயக்குவோர் பிலிப்பைன்சின் மணிலாவில் இருக்கிறார்கள். உழைப்பு கடல் கடக்கிறது, உழைப்பவர் கடப்பதில்லை. ஒரு நாட்டின் ஊதியத்திற்கு இன்னொரு நாட்டின் வேலையைச் செய்கிறவருக்கு எந்நாட்டுத் தொழிலாளர் சட்டம் காப்பளிக்கும் என்பது இன்னும் தெளிவாகவில்லை. பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்து ஒப்பந்த முறையில் பணிபுரிவோர் நிறைந்த ஒரகடத்திற்கு இவ்வினா தொலைவானதன்று.

பாவை உடனடியாக வேண்டியிருக்கும் இடமோ ஆலைக்குள் இல்லை. ஆலைகளைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளுக்கும் விடுதிகளுக்கும் அடியில் இருக்கிறது. 2022 அக்டோபரில் திருப்பெரும்புதூர் அருகே ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியைத் தூய்மை செய்ய இறங்கிய மூவர் நச்சு வாயு தாக்கி உயிரிழந்தனர். கம்பிவேலிக்குள் நிற்கும் எந்திரக் கைகள் காரின் கூட்டைப் பற்றவைக்கும் ஊரில், தொட்டிக்குள் மனிதர் இறக்கப்பட்டனர். இப்பணியில் மனிதரை ஈடுபடுத்துவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் விரிந்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்கின்றன. இறப்பு நேர்ந்தால் 30 இலட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென 2023இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

தொட்டியில் நேரும் இறப்பு பலவேளைகளில் ஒருவரோடு நிற்பதில்லை. இருவர், மூவர் எனச் சேர்ந்தே மடிவதை நாளிதழ்களில் காண்கிறோம். அழுகும் கழிவிலிருந்து எழும் ஐதரசன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். சிறிதளவில் அழுகிய முட்டையாக நாறும் அவ்வாயு, அளவு மிகுந்தால் முகரும் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியதாக இறங்கியவர் எண்ணுகிறார். அவர் மயங்கி விழ, காப்பாற்ற இரண்டாமவர் இறங்குகிறார். ரோபோ மயங்காது. ஆயினும் அதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதே தொட்டியில் மீத்தேனும் இருக்கும். காற்றில் அதன் அளவு 5 முதல் 15 விழுக்காட்டிற்குள் இருக்கும்போது மோட்டாரின் ஒரு பொறி போதும், தொட்டி வெடிக்க. ஆகவே தொட்டிக்குள் செல்லும் எந்திரத்தின் மின்பகுதிகள் முற்றிலும் மூடப்பட்டிருக்க வேண்டும். விளையாட்டுக்கெனச் செய்த மனித உருவப் பாவையை அப்படியே இறக்கிவிட முடியாது.

திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் 2018இல் உருவாக்கிய 'பாண்டிகூட்' பாதாளச் சாக்கடையின் ஆள்நுழை குழிக்கானது. சிலந்தியைப் போல் கால்களை விரித்துச் சுவரைப் பற்றி நின்று ஒற்றைக் கையால் கசடை அள்ளும். கோயம்புத்தூரிலும் அது பயன்படுகிறது. முன்பு குழியில் இறங்கியவர்களே பயிற்சி பெற்று இன்று மேலே நின்று திரையைப் பார்த்து அதனை இயக்குகின்றனர். வீட்டுத் தொட்டியின் நிலை வேறு. வாய் குறுகியது, உள்ளே அகன்றது, அடியில் கசடு கல்லாய் இறுகியிருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரபு இராசகோபால் குழுவினர் இதற்கென 'ஹோமோசெப்' என்னும் எந்திரத்தை உருவாக்கினர். மடக்கிய குடையாக வாயில் நுழைந்து உள்ளே தலைகீழ்க் குடையாக விரியும் அதன் சுழல் தகடுகள் கசடைக் கரைக்கின்றன. கரைந்தது குழாய்வழி உறிஞ்சப்படுகிறது.

அதற்கும் மனித உருவம் இல்லை. மனிதர் இறங்கக் கூடாத இடத்தில் மனித உருவத்திற்கு வேலையில்லைபோலும். முதலில் முடிவான இரண்டு ஹோமோசெப் எந்திரங்களும் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் அமைப்பின் துணையோடு 2022இல் இரண்டு மகளிர் குழுக்களிடம் வழங்கப்பட்டன. அக்குழுக்களின் தலைவியர் இருவரும் இப்பணியில் தம் கணவரை இழந்தவர்கள். இயக்கும் பொறுப்பு இப்போது அவர்கள் குழுவின் கையில் இருக்கிறது.